மீன் எண்ணெய் பூசிய நரி முடி

இருந்தவர்கள் மூன்று பேர்: நான், கிள்ளையில் படகு ஓட்டும் ஏழுமலை மாமா, கடலூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் என் சிநேகிதன் ஸ்டீபன். வராதவர்கள் இருவர். எங்கள் பேராசிரியர் மகள் கல்யாண வேலையில் இருந்தார். நரி, என் ஆய்வு தொடங்கிய இத்தனை மாதத்தில் ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை.

2009 பிப்ரவரி, வியாழக்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்குப் பெண்ணாடத்தில் பஸ் ஏறினேன். கரும்பு வெட்டப் போகிற வழியில் அப்பா நிறுத்தம் வரை கூட வந்தார். "நரி முடி பொறுக்கத்தான் இம்மாம் படிப்பா?" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

பதில் இதுதான். கார்பனிலும் நைட்ரஜனிலும் லேசான அணு உண்டு, கனமான அணுவும் உண்டு. இரண்டும் கலந்திருக்கும் அளவு காட்டில் மேய்ந்த ஆட்டுக்கு ஒன்று, கடல் நண்டுக்கு வேறு. நரி எதைத் தின்றதோ அந்தக் கணக்கு அதன் முடியில் தங்கிவிடும். கிள்ளைப் பக்கம் குட்டி ஆடு காணாமல் போனால் பழி நரிமேல்தான். நரியைப் பிடிக்காமலே உண்மையை அறிய ஒரு கொத்து முடி போதும். அளக்கும் இயந்திரம் வடநாட்டில். எங்கள் முறை அடுத்த திங்கட்கிழமை. தவறினால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். எனக்கு உதவித்தொகையோ ஜூனோடு முடிகிறது.

விருத்தாசலத்தில் மாறி, சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம். இரண்டு பஸ்ஸுக்கும் இருபத்துமூன்று ரூபாய். அங்கிருந்து கிள்ளைக்கு ஆறு. ஒன்பதரைக்கு இறங்கினேன்.

நரி நடக்கும் தடத்தில் தாழ்வாக முள்கம்பி கட்டியிருந்தோம். அடியில் நுழைந்து போகும்போது கம்பியில் முடி சிக்கும். மாமா வாராவாரம் எடுத்துக் காகித உறையில் போட்டு வைப்பார். உறைகளைப் பெருமையாக நீட்டினார். எல்லாவற்றிலும் பஜ்ஜி மடித்த காகிதம் போல எண்ணெய்க் கறை. மீன் வாடை.

உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கிறதே என்று, படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெயைக் கம்பிக்கும் பூசியிருக்கிறார். படகு வைத்திருக்கிற எவரும் செய்கிற காரியம்தான். "வாடைக்கு நரியும் ஜாஸ்தி வந்துச்சு தம்பி" என்றார். நண்டு தின்றதா ஆடு தின்றதா என்று பார்க்கப்போகும் முடியில், தின்னாத மீன் ஏறியிருக்கிறது. விஷயத்தையும், ஸ்டீபனிடம் கேட்கக் கடலூர் போவதையும் சொன்னதும் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றார்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். புதுச்சத்திரம் தாண்டியதும் முன் சீட்டு அம்மா திரும்பி, கருவாடு எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பகல் ஒரு மணி. ஸ்டீபன் உறையை முகர்ந்தான், சிரித்தான்.

"தலைக்கு எண்ண வச்சா முடிக்கு உள்ளயா போவுது? மேலதான மச்சான் நிக்கும். அலசுனா போயிடும்."

"சீயக்கா போட்டா?" என்றார் மாமா.

"அது உங்களுக்கு மாமா. நரிக்கு வேற."

குளோரோஃபார்மும் மெத்தனாலும் கலந்து முடியில் ஊற்றி, அலசிய திரவத்தில் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விட்டான். காய்ந்ததும் கறை தெரிந்தது. மறுபடி அலசினான். கறை மங்கியது. அடுத்த சொட்டு காயும்வரை மூவரும் அந்தக் காகிதத்தின்மேல் குனிந்து நின்றோம். மாமா அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி. பளிச்சுனு கீது."

மிச்ச உறைகளில் இருந்த முடியையும் அப்படியே அலசி முடிக்க நாலரை ஆனது. சாப்பாட்டு நினைவே அதன்பிறகுதான் வந்தது. மாமா இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

"நரி ஆட்டத் தின்னலன்னு வந்தா எங்க ஊர்ல வந்து நீதான் சொல்லணும்" என்றார். தின்றது என்று வந்தாலும் சொல்வேன் என்றேன். "அதுவும் சரிதான்" என்று மோரை ஊற்றிக்கொண்டார்.

குறிஞ்சிப்பாடி வழியாக ஊர் திரும்பினேன். பெண்ணாடத்தை நெருங்கியதும் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை. எங்கள் ஊர் நரிகள் கரும்புக் கொல்லையில் குட்டி போடுகிறவை. அவற்றின் முடி வேறு கணக்குச் சொல்லும். அதையும் ஒருநாள் பார்க்க வேண்டும். அப்பாவிடம் காலையில் விட்ட பதிலைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, இதற்கு எவ்வளவு ஆச்சு என்றார்.

பஸ், சாப்பாடு, ரசாயனம், மாமா வாங்கவே மாட்டேன் என்று மறுத்து நான் பையில் திணித்த மீன் எண்ணெய்க் காசு நாற்பது, எல்லாம் சேர்த்து ஐந்நூற்று ஒன்பது ரூபாய்.