லண்டனுக்கு அனுப்பின இருமல்

திருடனா நடிக்கிற தொழில்ல ஒரு கஷ்டம் இருக்கு. நல்லா நடிச்சா எல்லாரும் கை தட்டுவாங்க, தட்டின கையாலயே அவங்கவங்க பர்ஸைத் தொட்டுப் பாத்துக்குவாங்க. நான் மிமிக்ரிக்காரன். கல்யாணம், காதுகுத்து, சர்ச் ஆண்டு விழான்னு இருபது வருஷம் தொண்டையை வித்தவன். இப்ப ஐ.டி. கம்பெனிங்கள்ல வெளிநாடு போறவங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடக்குது பாருங்க, அதுல திருடன் வேஷம். பாடம் எடுக்கிறது ரேணுகா மேடம். எந்த ஊர்ல எப்படி ஏமாத்துவாங்கன்னு அவங்க சொல்லச் சொல்ல, நான் செஞ்சு காட்டணும்.

என் பொண்டாட்டி ஸ்டெல்லாவும் வெளிநாட்டுலதான், லண்டன்ல இருக்கா. முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. வீட்டு ஆளை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டு, தட்டுக்கு எதிர்ல போனை சாத்தி வெச்சுக்கிட்டு சோறு தின்னவங்க உங்கள்ல நிறைய பேர் இருப்பீங்க. நம்ம கதை நமக்குத்தான் புரியும்.

புறா எச்சம்

ரோட்ல போறவர் தோள்ல எதையாவது ஊத்திட்டு, "அடடா, புறா அசிங்கம் பண்ணிடுச்சு"ன்னு ஓடி வந்து தொடைச்சு விடுவாங்க. ஒரு கை தொடைக்கும், இன்னொரு கை பர்ஸை எடுக்கும். ஒயிட்ஃபீல்டுல ஒரு கம்பெனியில நாமக்கல்காரர் ஒருத்தர் என்கிட்ட மாட்டினார். தோள்ல ஷேவிங் நுரையைத் தடவி, பரிதாபக் குரல்ல பேசிக்கிட்டே பர்ஸ், பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி டப்பா வரைக்கும் உருவி மேஜை மேல வரிசையா வெச்சேன். வகுப்பே சிரிக்குது. அவர் மட்டும் தோளைத் தடவிப் பாத்துட்டுச் சொன்னார்: "எடுத்ததை நீங்களே வெச்சுக்குங்க சார், என் சட்டையை இவ்ளோ பொறுப்பா யாரும் தொடைச்சு விட்டதில்ல."

போலி போலீஸ்

பாரிஸ்ல சாதா உடுப்புல ஒருத்தன் வந்து, "போலீஸ், கள்ள நோட்டு சோதனை, பர்ஸைக் காட்டு"ன்னு கேப்பானாம். குடுக்கக் கூடாது, ஸ்டேஷனுக்கு வந்து காட்டுறேன்னு சொல்லணும். இதான் பாடம். பாரிஸ் போலீஸ் எப்படிப் பேசுவான்னு எனக்கென்ன தெரியும்? என்கிட்ட பாஸ்போர்ட்டே கிடையாது. தெரிஞ்ச போலீஸ் குரல் நம்ம சிக்னல்ல நிக்கிறவர் குரல்தான். "காடி சைடுகே ஹாக்கு"ன்னு ஒரே ஒரு அதட்டு. கன்னடத்துல வண்டியை ஓரங்கட்டுன்னு அர்த்தம். ரெண்டு வரிசை இன்ஜினியருங்க எழுந்து நின்னுட்டாங்க. பாரிஸ் போற மதுரைப் பொண்ணு ஒண்ணு, பர்ஸை மட்டுமில்ல லைசென்ஸையும் சேத்து நீட்டிச்சு: "ஹெல்மெட் போட்டுத்தான் சார் வந்தேன், கீழ பார்க்கிங்ல இருக்கு, வேணா வந்து பாருங்க."

கேன்டீன்

வகுப்பு முடிஞ்சா கம்பெனி கேன்டீன்லயே சாப்பாடு. நான் தட்டைத் தூக்கிட்டுப் போய் உக்காந்தா, பக்கத்து நாற்காலியில இருக்கிற பை மடிக்கு ஏறிடும். பாடம் நல்லாப் பதிஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட வேண்டியதுதான். ஒரு தம்பி இடது கையால பை வாரைப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கையால சப்பாத்தியோட மல்லுக்கட்டிட்டு இருந்தார். வகுப்பு முடிஞ்சுடுச்சுப்பா, நானும் சாப்பிடத்தான் வந்தேன்னேன். அவர் ரொம்ப மரியாதையாச் சொன்னார்: "தெரியும் சார், ஆனா இந்தக் கை கேக்க மாட்டேங்குது."

போன்ல ஒரு குடும்பம்

ஸ்டெல்லா தனியா ஒரு நாள்கூட இருந்ததில்ல. போறதுக்கு முந்தி ஒரு மாசம் எங்க காக்ஸ் டவுன் வீட்டுலயே அவளுக்கு வகுப்பு நடத்தினேன். பையை மார்புக்குக் குறுக்கால மாட்டு. ரோட்டோரமா போனைக் கையில வெச்சுக்கிட்டு நடக்காதே, பைக்ல வந்து பிடுங்கிடுவான். தனியா இருக்கிறது வெளிய தெரியவே கூடாது.

இந்தக் கடைசிப் பாடத்துக்காக அவ போன்ல ஒரு குடும்பத்தையே பதிவு பண்ணிக் குடுத்தேன். அதட்டுற புருஷன், விடாம இருமுற மாமனார், ஆளைக் கண்டா குலைக்கிற நாய். யாராவது கதவைத் தட்டினா உள்ளேருந்து போட்டு விடணும். அவ பழகுறதுக்காக நான் வெளிய நின்னு தட்டுவேன், உள்ளேருந்து நானே இருமுவேன், நானே குலைப்பேன். ஏர்போர்ட் வாசல்ல பெட்டியைத் தள்ளிக்கிட்டு உள்ள போறப்ப ஸ்டெல்லா திரும்பிச் சொன்னா: "இத்தனை பேரைக் கூட்டிட்டுப் போறேன், உங்களைத்தாங்க விட்டுட்டுப் போறேன்."

நோட்டீஸ்

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அவ போன் வரும். பை எங்க மாட்டினே, யாராவது பின்னாடி வந்தாங்களான்னு கேப்பேன். எல்லாத்துக்கும் சரியான பதில். அஞ்சு மாசம் இப்படியே போச்சு. ஒரு ஞாயிறு குரல் கம்மியிருந்துச்சு. ரூமோட ஓனர் கதவுக்கடியில லெட்டர் போட்டிருக்கானாம். ஒரு ஆளுக்குன்னு குடுத்த ரூம்ல மூணு பேரும் ஒரு நாயும் இருக்கிறதாப் புகார், வியாழக்கிழமை வந்து பாப்பேன், நிஜம்னா காலி பண்ணணும்.

திருடன் பயத்துல நான் சொல்லிக் குடுத்த பாடமே அவளைத் தெருவுல நிறுத்திடும் போலிருக்கு. எப்பவாவது ஒருத்தர் கதவைத் தட்டறதுக்கா இவ்ளோ புகார்னு கேட்டேன். அவ சொன்னா: "யாரும் தட்டலைங்க, டூட்டி முடிஞ்சு வந்து நானேதான் போட்டுக்குவேன், அந்த இருமல் கேட்டாத்தான் சோறு இறங்குது."

வியாழக்கிழமை

அன்னைக்கு வகுப்புல நான் ஒரு பர்ஸைக்கூட ஒழுங்கா எடுக்கல. ரேணுகா மேடம் உடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டு, தண்ணி பாட்டிலைக் குடுத்து ஓரமா உக்கார வெச்சாங்க.

சாயங்காலம் போன் வந்துச்சு. ஓனர் வந்திருக்கான், கூடவே புகார் குடுத்த எதிர் ரூம் அம்மா. அவங்களுக்கு எழுபது வயசு இருக்குமாம். ஸ்டெல்லா கதவுச் சங்கிலியைப் போட்டுக்கிட்டே அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் திறந்திருக்கா. ஓனர் கட்டிலுக்கடியில குனிஞ்சு நாயைத் தேடியிருக்கான், அலமாரியைத் திறந்து மாமனாரைத் தேடியிருக்கான். இவ போனை மேஜை மேல வெச்சு அமுக்கியிருக்கா. நாய் குலைச்சிருக்கு, பெரியவர் இருமியிருக்கார். ஓனர் சிரிச்சுட்டு லெட்டரை வாங்கிக் கிழிச்சுட்டான்.

அந்தம்மா மட்டும் சிரிக்கலையாம். கட்டில்ல உக்காந்து முழுசாக் கேட்டிருக்காங்க. இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு தன் ரூம்லதான்னு கையைப் பிடிச்சுச் சொல்லியிருக்காங்க. அதனால எனக்கு வர்ற போன் நாலு மணிக்குப் பதிலா ஆறரைக்கோ ஏழுக்கோதான் வரும்னு ஸ்டெல்லா சொன்னா. போகட்டும், அவ கையால யாராவது ஒருத்தர் கதவைத் திறக்க வெச்சாங்களே. எல்லாக் குரலும் என் வீட்டுக்காரர்தான்னு இவ சொன்னதும், வாசல் வரைக்கும் போன அந்தம்மா திரும்பி வந்து கேட்டாங்களாம்: "இத்தனை பேரும் அந்த ஒரே ஆளுன்னா, அங்க அவர்கூட யார் இருக்காங்க?"

ஊருக்கெல்லாம் திருடன் அண்டாம இருக்க வழி சொல்லிக் குடுத்தவன் வீட்டுக்கு, இப்ப திருடன்கூட எட்டிப் பாக்குறதில்ல.