நாகையா அண்ணனும் கரண்ட்டுக் காடியும்

எங்கள் தாமான் குடியிருப்பில் மின்சாரக் காரைப் பற்றி, அதாவது எங்கள் பேச்சில் கரண்ட்டுக் காடியைப் பற்றி, யாருக்காவது பயம் இருக்கிறதென்றால், அதை ஊட்டி வளர்த்தவர் நாகையா அண்ணன்தான். கிள்ளானில் எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது, முதல் வீடு என்னுடையது. நடுவில் உள்ள எல்லா வீட்டுக் கைப்பேசிகளிலும் அவர் அனுப்பிய காணொளிகள் இருக்கும். எங்கோ ஒரு நாட்டில் ஒரு கார் தீப்பற்றி எரியும். கீழே, 'அவசரம், எல்லாருக்கும் பகிரவும்' என்று போட்டிருக்கும். அது மின்சாரக் கார்தானா என்று நான் ஒருமுறை கேட்டேன். "எரியுது பாருங்க டீச்சர், அது போதாதா?" என்றார்.

அவர் சொன்னதெல்லாம் வெறும் பிதற்றல் என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய மழை பெய்தால் எங்கள் தாமானில் தண்ணீர் வாசல் ஏறி வரும். "தண்ணியும் கரண்ட்டும் ஒண்ணா சேர்ந்தா என்னா ஆவும்? உள்ள ஒக்காந்திருக்கவன் ஆட்டுக்கால் சூப்பு மாதிரி வெந்துருவான் லா," என்பார். ஒருநாள் முக்குக் கடையில், "பெட்ரோல் முடிஞ்சா பாட்டில்ல வாங்கிட்டு வரலாம். கரண்ட்ட எதுல வாங்கிட்டு வருவ?" என்று கேட்டார். தே தாரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவருக்கும் ஒரு கிளாஸ் சொன்னார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மனிதர் ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் போர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அது பேட்டரியில் ஓடும் வண்டி. வேலை முடிந்ததும் தன் கையாலேயே ஒயரைச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தவர். அதை ஞாபகப்படுத்தினால், "அது போர்க்லிஃப்ட், இது காடி," என்று பேச்சை முடித்துவிடுவார்.

உண்மையான பயம் வேறு. அதை அவர் மனைவி சீதாலெட்சுமிதான் என்னிடம் சொன்னாள். எங்கள் தாமானில் ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், கல்யாணம், சாவு என்று எதற்குப் போவதானாலும் நாகையா அண்ணனைத்தான் கூப்பிடுவோம். கிரேப் டாக்சி இருக்கிறதே என்பீர்கள். நாம் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்து முடிக்கிறவரை கிரேப்காரன் வெளியே நிற்பானா? ஓய்வு பெற்ற பிறகு அந்த அழைப்புகள்தான் அவரை நிமிர்ந்து நடக்க வைத்தன. "கூப்பிடுற நேரத்துல சார்ஜ் இல்லன்னு ஒருதடவ சொல்லிட்டேன்னா, அடுத்த தடவ யாரும் கூப்பிட மாட்டாங்க சீதா," என்று மனைவியிடம் புலம்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் மூன்று பெண்கள் அவரோடு கோயிலுக்குப் போவோம். எழுபதைத் தாண்டிய மாரியாயி அக்கா, என் பக்கத்து வீட்டு இராஜம்மா, நான். புறப்பட இன்ன நேரம் என்று கிடையாது. அவர் குளித்துத் திருநீறு பூசி, காரை முடுக்கி, போர்ச்சில் நிறுத்தியபடியே பத்து நிமிஷம் உறுமவிடுவார். என்ஜின் சூடேறணுமாம். கிழட்டுக் கார், வரிசையே அதிரும். அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, பூக்கூடையோடு நடந்து போய் ஏறிக்கொள்வோம். அவர் போன் செய்ததும் இல்லை, நாங்கள் மணி கேட்டதும் இல்லை.

போன மாதம் அந்தக் காரின் கியர்பாக்ஸ் போனது. ஒர்க்‌ஷாப்காரர் கையை விரித்துவிட்டார். அதே நேரம் பார்த்து, செராஸில் இருந்த மகள் ஷாமினிக்குச் சிங்கப்பூருக்கு வேலை மாறியது. அவள் தன் மின்சாரக் காரை அப்பா வீட்டில் நிறுத்தி, சுவரில் சார்ஜ் பெட்டியையும் மாட்டிக் கொடுத்துவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் கிளம்பிவிட்டாள். பாவம், என்ன செய்வார்? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். வியாழக்கிழமை தனியாகப் பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டிப் பார்த்தார். சார்ஜ் இறங்கிவிடுமோ என்று ஏர்கோனையும் ரேடியோவையும் அடைத்துவிட்டு, அந்த வெயிலில் போய் வந்தார். திரும்பியபோது காரில் சார்ஜ் நிறையவே மிச்சமிருந்தது. அவரிடம்தான் ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் வெள்ளி. நான் சேலை கட்டி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தமே இல்லை. இராஜம்மா போன் செய்தாள்.

"டீச்சர், அண்ணன் இன்னும் ஸ்டார்ட் பண்ணலையே?"

"சார்ஜ் ஏறல போல இருக்கு."

"கேட்டுப் பாக்கட்டா?"

"வேணாம் லா. மனுஷன் இதுக்குத்தான் பயந்துகிட்டு கெடந்தாரு. நாம வேற கேட்டுச் சங்கடப்படுத்தணுமா?"

மாரியாயி அக்காவும் அதையேதான் சொன்னாளாம். எங்கள் பெருந்தன்மை எங்களுக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. ஆளுக்கொரு வீட்டில், தலையில் வைத்த பூ வாடும்வரை உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் மாரியாயி அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கோயிலு கெடக்குது, அவனுக்கு ரெண்டு வார்த்த ஆறுதல் சொல்லிட்டு வருவோம் வாங்க," என்று எங்கள் இருவரையும் கிளப்பிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் போர்ச் காலி.

முட்டி வலியோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி எங்களைப் பார்த்ததும் திகைத்துப் போனாள். "நீங்க இங்கதான் இருக்கீங்களா? அவரு எவ்ளோ நேரம் காடியில ஒக்காந்து கேட்டையே பாத்துகிட்டு இருந்தாரு தெரியுமா? ஒருத்தரும் வரல. 'எரியும் எரியும்னு நான்தானே சொன்னேன், நம்பிட்டாங்க சீதா'ன்னு சொல்லிட்டுத் தனியா போயிட்டாரு. மூஞ்சியப் பாக்க முடியல."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சூடேற்றத் தேவையே இல்லாத காரை அவர் வழக்கம்போல முடுக்கிவிட்டுச் 'சூடேற்றி'க்கொண்டு இருந்திருக்கிறார். அது மூச்சுகூட விடவில்லை. சத்தமே போடாத கார் என்று நன்றாகத் தெரிந்த நாங்கள் மூவரும் அதன் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறோம். அதில் ஒருத்தி முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். இராஜம்மா சிரிக்க ஆரம்பித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று கேட்டைப் பார்த்திருந்தது அவளுக்கும் கண்ணில் தெரிந்திருக்க வேண்டும்.

சீதாலெட்சுமியும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வர, போர்ச்சில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கார் பின்னால் வந்து நின்றதே எங்களுக்குத் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் மேலே பட்டதும் இராஜம்மா துள்ளி விலகினாள். நாகையா அண்ணன் இறங்கினார். நெற்றியில் புதிதாகக் குங்குமம், கையில் அர்ச்சனைத் தட்டு. எங்களை நேராகப் பார்க்கவில்லை.

"பரவால்ல டீச்சர். பயமா இருந்தா கிரேப் போட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்," என்றார்.

"யாருக்குடா பயம்?" மாரியாயி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "ஒன் பழைய காடியில முன்கதவு தானா தொறந்துக்கும். அத ரெண்டு கையாலயும் இழுத்துப் புடிச்சுகிட்டே இத்தன வருஷமா கோயிலுக்கு வந்தவ நானு. அதுல ஏறுனவளுக்கு இதுல என்னாடா பயம்?"

"அப்பறம் ஏன்க்கா வரல?"

"சத்தம் கேக்கல."

நாகையா அண்ணன் காரைப் பார்த்தார். எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். வேர்வை என்று சீதாலெட்சுமியிடம் சொன்னார்.

"ஏறுங்க," என்றார்.

"இப்பதானே அண்ணே போயிட்டு வந்தீங்க?"

"அது நான் போனது டீச்சர். இது நாம போறது."

மாரியாயி அக்கா வழக்கம்போல முன்னால் ஏறினாள். கதவு ஒரே தள்ளலில் கச்சிதமாகச் சாத்திக்கொண்டது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால் அவளுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்சநேரம் மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது சமிக்ஞை விளக்கு வருவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். இத்தனை வருஷத்தில் அவள் காரில் கண்ணயர்ந்து நான் பார்த்ததே இல்லை. இராஜம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

கோயில் வந்தது. வாசலில் நல்ல கூட்டம். அவர் காரை நிறுத்தவில்லை, நானும் இராஜம்மாவும் ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக்கொண்டோம்.

"இன்னொரு ரவுண்டு போவோமா டீச்சர்?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அக்கா தூங்கட்டும்."