நூலகத்தின் இரண்டாவது வாசல்

மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெருவில் ஒரு பழைய நூலகம். அங்கே நான் நூலகர். தேக்கு உத்தரம், மரப்படி, சுண்ணாம்புச் சுவர் என்று கட்டடம் முழுக்க நூறு வருஷப் பழசு. படிப்பறை சுவிட்ச் போர்டில் கை வைத்தால் சுடும். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். கட்டடத்தை உடைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

போன வருஷம் சோதனைக்கு வந்த தீயணைப்பு அதிகாரி அதே போர்டில் கை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வயரிங்கை மாற்ற வேண்டும், புகை வந்தால் மணியடிக்கும் கருவி வேண்டும், வெளியேற இன்னொரு வாசலும் வேண்டும் என்றார். எங்கள் நூலகக் குழுவின் தலைவர், ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையார், சுவரில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார்.

வழி சொன்னது, சைதாப்பேட்டையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பெண்மணி. "இன்னாத்துக்கு மேடம் செவுத்த ஒடைக்கணும்? பழைய வயரு ஓடுற மரப்பட்டி கீதே. அது மேலயே பைப்பு போட்டு, லேசுல எரியாத வயரா இஸ்துடலாம்" என்றார். அதிகாரியும் சம்மதித்தார். மணியடிக்கும் கருவிகளை உத்தரங்களில் ஆணியில்லாமல் கவ்விகளால் பொருத்தினோம்.

வாசலும் கிடைத்தது. அரசிதழ்கள் அடுக்கிய பீரோவை நகர்த்தினால், பின்னால் சந்துக்குப் போகும் கதவு! எண்ணெய் விட்டுத் திறந்தோம். சந்தில் வடாம் காயப்போட்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் எங்களைக் கண்டதும் வடாம் துணியை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.

பிறகு, அதிகாரி முன்னிலையில், தீப்பிடித்தால் வெளியேறும் ஒத்திகை. மணி அடித்ததும் வாசகர்கள் குறுக்கெழுத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். கடைசியாக வந்த தலைவர் புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைத்திருந்தார். நூலகத்தின் முதல் பதிவேடு.

"கையில ஒண்ணும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேனே மேடம்" என்றார் அதிகாரி.

"கையிலயா எடுத்துண்டு வந்தேன்? இடுக்கிண்டுன்னா வந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார். ஆனால் விடவில்லை, பதிவேட்டுக்கு நெருப்புத் தாங்கும் பெட்டி வாங்கலாம், உங்களுக்கு வாங்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். தலைவர் உள்ளே போய்ப் பதிவேட்டை வைத்துவிட்டு, மறுபடி மணியடிக்கச் சொன்னார்.

இந்த முறை வெறுங்கையோடு, குறுக்கெழுத்துக்காரர்களையும் விரட்டிக்கொண்டு சந்துக்கு வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண் எல்லோருக்கும் மோர் கொடுத்தார்.