காதைப் பார்க்கச் சொன்ன சின்சே

என் மகள் நித்யாவின் கண் சிமிட்டல் எதனால் நின்றது? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. சீன ஊசி வைத்தியம் பார்த்த சின்சே ருக்மணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்ற நினைப்பு எங்கோ இருந்திருக்கிறது. அவர் சென்ற சனிக்கிழமை விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார் என்பது அவரிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போன உங்களுக்குத் தெரியும்.

செய்தி வந்தபோது நான் ரயிலில் இருந்தேன். அவருடைய அண்ணன் மகன் சேகர் அனுப்பியிருந்தார்: "அத்தை தவறிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் மண்டாய்ல தகனம்." தஞ்சோங் பகாரில் இறங்க வேண்டியவள் இறங்கவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஏறி, மாறி, கடைசியில் லிட்டில் இந்தியாவில் வெளியே வந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் அவருடைய சிகிச்சைக்கூடம் பூட்டியிருந்தது. கதவில் சேகர் ஒரு தாளை ஒட்டியிருந்தார்: சின்சே மறைந்தார், அஞ்சலிக்கு அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வரவும். ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் நித்யாவிடம் சொல்ல வேண்டும். அதுதான் பயம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவளுக்கு எட்டு வயதானபோது, இரண்டு கண்களையும் இறுக்கி இறுக்கிச் சிமிட்டத் தொடங்கினாள். கூடவே மூக்கைச் சுளித்தாள். மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் எல்லாம் பார்த்தார். ஆபத்தில்லை, இது வரும், போகும், பொறுத்திருங்கள் என்றார். சிமிட்டலை நாங்கள் பொறுத்திருப்போம். நித்யா பள்ளிக்குப் போகாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உறவினர் வந்தால்கூட வெளியே வருவதில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் எதிர் புளோக்கில் வசித்த சின்சேயைப் பற்றிச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தும் போனேன்.

சீன முகமும் லிட்டில் இந்தியாவின் தேக்காத் தமிழும் சேர்ந்த ஒருவரை நான் எதிர்பார்க்கவில்லை. சீனக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர் அவர். சீன மருத்துவம் படிப்பதற்காகவே வளர்ந்தபின் மாண்டரின் கற்றுக்கொண்டார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு வயதான சீன நோயாளிகள் சிரிப்பார்கள். "நான் வாயத் தொறந்தாலே அந்த ஆன்ட்டிக்கு முட்டி வலி போயிடுது. ஊசி வேஸ்ட்டு லா," என்பார்.

முதல் நாள் என்னிடம் கேட்டது இதுதான்: "ஆஸ்பத்திரில காட்டிட்டீங்களா? காட்டலன்னா இப்படியே திரும்பிப் போங்க." காட்டிவிட்டோம் என்றேன். அதற்குள் நித்யா ஊசிகளைப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். சின்சே அவளை அழைக்கவில்லை. என்னைப் பார்த்து, "கையக் கொடுங்க," என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே."

"தெரியுது. சும்மா கொடுங்க."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மயிர்போன்ற ஓர் ஊசி இறங்கியது. "வலிக்குதா? பொய் சொல்லாதீங்க, பிள்ளை கேட்டுக்கிட்டு இருக்கு."

"வலிக்கல. கொஞ்சம் கனமா இருக்கு."

மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "அம்மாவுக்கு இன்னொண்ணு போடுங்க."

சின்சே போட்டார். அந்த அறைக்குப் பிள்ளையோடு போய், முதலில் தான் குத்து வாங்காமல் வந்த பெற்றோர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள்.

சில வாரங்கள் கழிந்தன. ஒருநாள் நித்யாவின் உள்ளங்கையைத் தேய்த்துவிட்டபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "இவகிட்ட பேசும்போது எங்க பாக்குறீங்க?"

"கண்ணைத்தான்."

"எண்ணுறீங்க, இல்ல?"

ஆமாம், ஒவ்வொரு சிமிட்டலையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"இனிமே காதப் பாருங்க. நல்ல காது. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைங்க."

எளிதாக இல்லை. பெற்ற பிள்ளையின் காதைப் பார்த்து 'வீட்டுப்பாடம் முடித்தாயா' என்று கேட்டுப் பாருங்கள். அவளுடைய இடது காதுமடலில் சிறிய மச்சம் இருப்பது அந்த மாதந்தான் எனக்குத் தெரிந்தது. சிமிட்டல் மெல்லக் குறைந்து, ஒரு பள்ளி விடுமுறையின்போது நின்றேபோனது. நித்யா கதவைத் திறந்து வைக்கத் தொடங்கினாள்.

ஊசியா? காதா? தானாகவே போகும் காலம் வந்து போனதா? நான் பாலிடெக்னிக்கில் புள்ளியியல் கற்பிக்கிறவள். ஒரே ஒரு பிள்ளையை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்று சின்சேயிடமே சொன்னேன்.

"எனக்கும் தெரியாது, புரொஃபசரம்மா. இன்னொரு நித்யா இருந்தா கூட்டிட்டு வாங்க. அவளுக்கு ஊசி போடாம சும்மா உக்கார வெச்சிப் பாத்துடுவோம்."

அவர் படித்த பாடத்தில் இதற்குக் கல்லீரலில் காற்று என்று பெயர். கல்லீரலில் காற்று கிடையாது என்றேன். "ஸ்கேன்ல தெரியாது லா," என்றார். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தக் காற்றை நான் இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் காத்திருந்த இன்னொரு தாய், நீங்கதான் எங்க பிள்ளையைக் காப்பாத்துனீங்க என்று கையைப் பிடித்தபோது அவருக்கு வந்த கோபத்தை நேரில் பார்த்திருக்கிறேன். "நான் ஒண்ணும் பண்ணல. வந்துச்சு, போச்சு. திரும்ப வந்தாலும் வரும். அப்ப பயந்துக்கிட்டு ஓடி வராதீங்க."

சனிக்கிழமை மதியம் சிமிட்டல் திரும்ப வந்தது. நித்யாவிடம் செய்தியைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவளின் கண்கள் இறுகின, மறுபடி இறுகின. பழையதைவிடக் கடுமையாக இருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர் புளோக்குக்குப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

"நான் வரமாட்டேன். எல்லாரும் என்னையே பாப்பாங்க."

"கொஞ்ச நேரந்தான்."

"திங்கக்கிழமை ஸ்கூலுக்கும் போகமாட்டேன். இனிமே யாரும்மா எனக்குப் பாப்பாங்க?"

தனியாகப் போனேன். மாலையே மண்டாயில் எல்லாம் முடிந்தது. திரும்பி வந்து, உட்கார முடியாமல் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். வேறொரு சின்சேயைத் தேடுவதா, மறுபடி மருத்துவமனையா, எதுவும் செய்யாமல் இருப்பதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, எதிர்க்காரணமும் இருந்தது.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், ஊசியும் அல்ல, கல்லீரலும் அல்ல. கவலையோடு வந்த பெற்றோரின் முகத்துக்கு நேரே, கூச்சமில்லாமல், 'தெரியாது' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாரே, அதை. என் துறையில் அந்தச் சொல்லைக் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுவோம். அவர் அதை முதலில் சொன்னார்.

மறுநாள் நடந்தது இது.

ஞாயிறு காலை சேகர் அழைத்தார். குரலில் பதற்றம். "அக்கா, நாங்க அஸ்தி எடுக்க மண்டாய்க்கு வந்துட்டோம். அத்தை புளோக்குக்குக் கீழ சீன பேஷண்ட்டுங்க நிறையப் பேரு வந்து நிக்கிறாங்களாம். நான் நோட்டீஸ்ல நேத்து ஒருநாள்தான்னு போடல. கொஞ்சம் போய்ப் பேசுறீங்களா?" சீனர் வீடுகளில் துக்கம் சில நாள்கள் நடக்கும், இன்றும் இருக்கும் என்று நம்பி வந்துவிட்டார்கள்.

போனேன். கீழ்த்தளத்தில் ஒன்றும் இல்லை. நேற்றைய நாற்காலிகள்கூட இல்லை. துக்கப் பணம் வைத்த வெள்ளை உறைகளோடும் பிள்ளைகளோடும் குடும்பங்கள் நின்றிருந்தன. நாங்கள் அன்றே தகனம் செய்துவிடுவோம் என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். புரிந்துகொண்டார்கள். ஆனால் யாரும் போகவில்லை. ஓர் இளம் தந்தை, சின்சேயோடு தன் பிள்ளை எடுத்துக்கொண்ட படத்தைக் கைப்பேசியில் திறந்து, சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைமேல் சாய்த்து வைத்தார். ஒவ்வொரு குடும்பமாக அதன்முன் குனிந்து வணங்கினார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, வீட்டாருக்குச் செய்வதுபோல எனக்கும் தலை குனிந்தார்கள். நான் வீட்டாள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது நித்யா என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. "நாமளும் குனியணுமாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். வந்தவர்கள் குனிந்தபோதெல்லாம் பதிலுக்குக் குனிந்தாள். கண்கள் ஓயாமல் இறுகி இறுகித் திறந்தன. எல்லாரும் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கடைசிக் குடும்பம் போகும்வரை நித்யா நகரவில்லை.

பிறகு பசிக்கிறது என்றாள். பக்கத்துக் காப்பிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான் உள்ளே ஓரமாக ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அதற்குள் வாசலருகே, எல்லாரும் கடந்துபோகும் மேசையில் போய் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்துப் பரோட்டா சொல்லிவிட்டாள்.