தாலிக்கு அப்புறம் எழுத்து

எங்க மடுல்சீமைப் பக்கம் ரெண்டு பொண்டாட்டி கட்டுன ஆம்பள நான் ஒருத்தன்தான். சும்மா சொன்னேங்க. கல்யாணந்தான் ரெண்டு, பொண்டாட்டி ஒண்ணுதான். இன்னொருத்தி வர்ற மாதிரி மூஞ்சியா இது?

மொதக் கல்யாணம் மாரியம்மன் கோயில்ல. மேளம், தாலி எல்லாம் ஆச்சு. எழுத்து மட்டும் வைக்கல. கல்யாணத்தப் பதியிறத எங்க பக்கம் எழுத்துன்னுதான் சொல்லுவோம். எனக்கு படிக்கிற எழுத்தும் இல்ல, இந்த எழுத்தும் இல்ல.

புள்ளைங்க வளந்தப்புறம், வரிசையா ஒத்த அறையா இருக்குற லயத்த விட்டு தனி வீடு குடுக்க வந்தாங்க. தேயிலைத் தோட்டத்துல வேலைக்குப் பேர் பதிஞ்சவ என் பொண்டாட்டிதான். எழுத்து இருந்தா வீட்டுல என் பேரும் ஏறும், இல்லாட்டி நான் விருந்தாளி. அவள இழுத்துக்கிட்டு பதுளைக்கு பஸ் ஏறுனேன்.

ஆபீசுல கல்யாணம் எழுதுற அம்மா யாழ்ப்பாணத்துக்காரங்க. "இதுக்கு முன்னம் கலியாணம் முடிச்சனீங்களோ?"

"ஆமாங்க," ன்னா இவ.

"ஆரோடை?"

"இந்தா, இவரோடதான்."

"எழுதாட்டி அது கணக்கில்லை அம்மா. முடிக்கேல்லை எண்டுதான் போடவேணும்."

"கழுத்துல தாலிய வச்சிக்கிட்டு எப்படிங்க ஆகலன்னு சொல்றது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "எனக்கு ஆகலன்னே போடுங்கம்மா" ன்னு சிரிச்சேன். இவ திரும்பிப் பாத்தா. "அப்ப எனக்கும் ஆகலன்னு போடுங்க."

அந்தம்மா அடுத்த கேள்வி கேட்டாங்க. "இவரை முடிக்க உங்களுக்குச் சம்மதமோ?"

கோயில்ல இத அவகிட்ட யாரும் கேக்கல. அய்யர் கேட்டதும் என்கிட்டதான், தேங்கா கொண்டாந்தியான்னு. இவ சந்தையில கத்திரிக்கா பாக்குற மாதிரி என்னய மேலயும் கீழயும் பாத்தா.

"வேணாம்னும் சொல்லலாமாங்க?"

"ஓம், தாராளமாய்."

வீடு போற சத்தம் என் காதுல கேக்குது.

"காலையில தண்ணி இவருதான் புடிக்கணும். அதயும் எழுதுங்க."

"அதுக்கு இதிலை இடம் இல்லை அம்மா."

"சம்மதத்துக்கு மட்டும் எடம் இருக்காக்கும்."

"புடிக்கிறேன் தாயே," ன்னு நான் ரெண்டு கையயும் தூக்கிட்டேன். சாட்சிக்கு வந்த மச்சான் குலுங்கிக் குலுங்கி சிரிக்கிறான். அப்புறந்தான் இவ பேனாவ வாங்குனா. வாங்கிட்டும் கையெழுத்து வைக்காம என்ன கேட்டா தெரியுமா...

"ஏங்க, பைப்புல தண்ணி நிக்கப் போவுது. அங்க என்னா பேச்சு?"

இருங்க, வீட்டுக்காரி கூப்பிடுறா.