வெல்லப்பாகுல ஓடின பனியாறு

கிளாஸ் முழுக்க வெல்லப்பாகு வாசனை... பக்கத்து கிளாஸ் பசங்க ஜன்னல்ல தொங்கிக்கிட்டு, "எய்ட்த்ல அதிரசமாடா?"ன்னு கேட்டாங்க.

அதிரசம் இல்ல. இமயமலைப் பனியாறு!

ஒரகடம் பக்கம் கம்பெனிங்க ஒண்ணொண்ணா வந்துக்கிட்டிருந்த நேரம். வடக்குப்பட்டு பக்கத்துல தகர ஷீட் போட்ட ஸ்கூல். நான் புது சயின்ஸ் மிஸ். பனியாறு நிக்கிற ஐஸ் இல்ல, மெதுவா ஓடுதுன்னு செஞ்சு காட்டணும். பிவிசி பைப்பை நெடுக்க பாதியா அறுத்து, சரிவா வெச்சு, மேல் முனையில பாகை ஊத்தி, குறுக்கால வரிசையா தீக்குச்சி நட்டேன்.

பாகு பதம் தெரியாத மகராசி நான். எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, பல்லைத் தடவிக்கிட்டே சொல்லுவார். பாகு ஏகத்துக்கு முத்திப்போச்சு. பீரியட் முடிஞ்சுது... குச்சி அசையவே இல்ல.

பாக்க வந்த கரஸ்பாண்டன்ட், "இன்னா மிஸ், ஓடும்னீங்க... நின்னுகினே கீது? நாளைக்கு சாயந்தரம் வருவேன். அப்பவும் நவுரலன்னா நீங்க எல்கேஜிக்கு மாறிடுங்க"ன்னுட்டார்.

எல்கேஜின்னா பாதி நாள் மூக்கு துடைக்கிற வேலை. எனக்கே மூக்கு ஒழுகிடுச்சு.

பெஞ்சுல இருந்து சகாயமேரி எழுந்தா. அவ அப்பா கார் பார்ட்ஸ் கம்பெனியில அசெம்ப்ளி லைன்ல வேலை. "மிஸ், ஒரே ஆளு மொறைச்சிகினு இருந்தா முடியாது. ஷிஃப்ட் போடலாம்."

போட்டாங்க! எறும்பு ஏறாம இருக்க டேபிள் காலுக்கெல்லாம் தண்ணிக் கிண்ணம். பீரியடுக்கு ஒரு ஆள் காவல். பெல் அடிச்சா அடுத்த ஆளுக்கு ஹேண்டோவர்.

"நடுக்குச்சி லேசா சாஞ்சிகீது. எறும்பு இல்ல. எவனும் நக்கல."

"அப்ப இந்த விரல் அச்சு?"

"அது ஏ ஷிஃப்ட் டிஃபெக்ட்டுடா!"

மறுநாள் மத்தியானம் ஷீட் கொதிச்சுது. பாகு இளகி... மெல்லக் கிளம்பிடுச்சு. நேரா நட்ட குச்சி வரிசை வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுது.

சகாயமேரிதான் கத்தினா. "ஓரத்துக் குச்சி பைப்பைப் புடிச்சிகினு நிக்குது. நடுவுல இருக்கறது போய்க்கினே கீது மிஸ்!"

பனியாறும் அப்படித்தான். நான் சொல்ல இருந்ததை அவளே சொல்லிட்டா.

அப்புறம் பைப்போட மேல் முனையைப் பாத்தா. "இன்னும் சூடானா இங்க ஒண்ணும் இருக்காதுல்ல மிஸ்?"

பசங்க எல்லாம் மேல் முனையை எட்டி எட்டிப் பாத்தாங்க.

கரஸ்பாண்டன்ட் வந்தார். குனிஞ்சார். விரல்ல தொட்டு நாக்குல வெச்சார். "ஓடுது. நீங்க இங்கயே இருங்க."

"அடுத்த டிஃபெக்ட்டு..."ன்னு பின்னாடி எவனோ முனகினான்.

இருந்துட்டேன். இன்னும் அதே எய்ட்த்துதான். ஓரத்துக் குச்சின்னு வெச்சுக்குங்களேன்.

இப்ப கான்கிரீட் கட்டடம், ஸ்மார்ட் போர்டு. பனியாறு அரை நிமிஷத்துல ஓடி, உருகி, முடிஞ்சே போயிடுது. பசங்க கொட்டாவி விடறதுக்குள்ள அடுத்த பாடம்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசல்ல ஷேர் ஆட்டோவுல சகாயமேரி. கம்பெனி யூனிஃபார்ம், கழுத்துல ஐடி கார்டு. "மிஸ், பாகு இப்பவாவது பதமா வருதா?"

"இப்பல்லாம் வீடியோதாண்டி. அரை நிமிஷம்."

கொஞ்சம் யோசிச்சா. "அப்ப யாருமே காவல் இருக்கறதில்லையா மிஸ்?"

ஆட்டோ கிளம்பிடுச்சு.

நேத்து வர்ற வழியில வெல்லம் வாங்கினேன். வீட்டுக்காரர் பையை எட்டிப் பாத்துட்டு, பல்லைத் தடவிக்கிட்டார்.

"உங்களுக்கில்ல. எய்ட்த்துக்கு"ன்னேன்.