பற்றிக் மாமா நின்ற படலைகள்

எங்கள் ஒழுங்கையில் பற்றிக் மாமாவுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டம் ‘ஊதாத சங்கு’. துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் அதன் பெரிய கயிறுகளை இழுத்து இரும்புக் கட்டையில் மாட்டுவது அவருடைய வேலை. அங்கே கத்திக் கத்தியே சத்தமெல்லாம் முடிந்துவிடும்போல. எங்கள் ஊர் உப்புவெளிக்குத் திரும்பினால் “ஓம்”, “இல்லை” இரண்டோடு பொழுதை ஓட்டிவிடுவார். அவருடைய வளவுக்குள் பந்து விழுந்தால் ஏசாமல் திருப்பி எறிவார். ஏசாத மனிதரை வைத்து என்ன பகிடி விடுவது? எங்களுக்கு அவரால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பின்னேரம் தொடங்கி ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று கதைக்க ஆரம்பித்தார்.

“முருங்கை நல்லாக் காய்ச்சிருக்கு போல.”

“மழை வருமோ?”

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மனிதர் மழையை விசாரித்தார். வேலை செய்து செய்து அவருக்கு மூளையும் களைத்துவிட்டது என்று நாங்கள் முடிவுகட்டினோம்.

உண்மைக் காரணத்தை அவருடைய மனைவி கிறிஸ்டின் மாமி பிறகுதான் சொன்னார். மாமாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கொஞ்சத் தூரம் நடந்தாலே கெண்டைக்காலை யாரோ ஈரத்துணிபோல முறுக்கிப் பிழிகிற மாதிரி நோகுமாம். துறைமுகச் சப்பாத்து சின்னவிரலைக் கடித்துப் புண்ணாக்கியபோது அவருக்குத் தெரியவே இல்லை. விரல் அவ்வளவு மரத்துப்போயிருந்தது. சொக்ஸில் இரத்தத்தைக் கண்டு மாமிதான் ஆசுபத்திரிக்கு இழுத்துப் போனார். காலுக்குப் போகிற இரத்தம் போதாது, புண் ஆறாவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும், விரலோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். பிறகு அந்தக் காலோடு ஈரத்தில் நின்று கப்பல் கயிறு இழுக்க யார் விடுவார்கள்?

ஆசுபத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிறவர் றிஷானா மிஸ். மாமாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, புண்ணைச் சுற்றிச் சிவப்பு லேசர் வெளிச்சம் பிடிப்பார்.

“அந்தக் கண்ணாடியோட இருந்தவரைப் பாத்திருக்கவேணும்,” என்றார் மாமி. “கலியாணத்தண்டைக்கே இந்த வடிவு இல்லை.”

மாமாவோ வெளிச்சம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார். றிஷானா மிஸ் விடவில்லை.

“ஐயா, இந்த வெளிச்சம் புண் ஆற ஒரு கை குடுக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்த நம்பி வீட்டில படுக்க ஏலாது. புண்ணில முட்டாத செருப்புத் தாறம். நடங்க. நோ கூடினா நில்லுங்க. நோ போனதும் திரும்ப நடங்க. அப்பதான் காலுக்கு இரத்தம் ஓடும்.”

நடப்பதில் மாமாவுக்குப் பயமில்லை. நிற்பதில்தான் வெட்கம். நடு ஒழுங்கையில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஊர் கேட்கும்; ஊர் கேட்டால் துறைமுகத்துக்குத் தெரியும்; தெரிந்தால் கயிற்றை வாங்கிவிட்டுக் காவல் கொட்டிலில் இருத்திவிடுவார்கள். ஆகவே நோ வந்த இடத்தில் எந்தப் படலை இருந்ததோ, அந்த வீட்டோடு கதைத்தார். வாய் திறக்காத மனிதர் காலுக்காக வாயைத் திறந்தார்.

வந்தது வினை. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் படலையில் நின்றால் தேத்தண்ணி வந்துவிடும். வேண்டாம் என்றால் அந்த வீட்டோடு கோபம் என்று அர்த்தம். அதிலும், எப்போதும் பேசாதவர் பேச வந்திருக்கிறார் என்று எல்லோரும் சீனியை அள்ளிப் போட்டார்கள். மாமா ஒரு படலையையும் புண்படுத்தவில்லை. தன் புண்ணைத்தான் வளர்த்தார்.

அடுத்த கிளினிக்கில் இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. புண் அப்படியே இருந்தது. றிஷானா மிஸ் வெளிச்சத்தை அணைத்துவிட்டுக் கேட்டாராம்:

“ஐயா நடக்கப் போறீங்களா, தேத்தண்ணி குடிக்கப் போறீங்களா?”

அன்று பின்னேரமும் மாமா நடந்தார். எங்கள் ஒழுங்கைக் கனகரத்தினம் ஐயாவின் படலையில் கால் நின்றது. ஐயா பெரிய கிளாஸோடு வந்தார்.

“வேண்டாம் அண்ணை.”

“ஏன் பற்றிக், என்னில ஏதும் கோவமோ?”

மாமா படலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

“கோவமில்லை. எனக்குச் சீனி வருத்தம். விரலில புண். நடந்தால் கால் நோகுது, அதுதான் உங்கட படலையில நிக்கிறன். உங்களில ஆசைப்பட்டு நிக்கேல்லை.”

கனகரத்தினம் ஐயா கிளாஸைப் பார்த்தார். மாமாவின் காலைப் பார்த்தார். தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்:

“இஞ்சேரும், ஒரு கதிரை கொண்டுவாரும்!”

அந்தச் செய்தி மாமாவை விட வேகமாக நடந்தது. மறுநாள் படலைக்குப் படலை கதிரையும் செம்பில் தண்ணியும். எங்கள் வீட்டு வாசலில் நான் உட்கார நீளமான மர வாங்கு ஒன்றைப் போட்டு, மேலே ‘பஸ் தரிப்பு’ என்று மட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். மாமா வாசித்தார். உட்கார்ந்தார்.

“தம்பி, அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?”

ஊதாத சங்கே பகிடி விட்டுவிட்டது.

பயந்தபடியே துறைமுகத்துக்கும் தெரிந்தது. கயிற்றை வாங்கிக்கொண்டு கொட்டிலில் இருத்தினார்கள். மாமா முணுமுணுக்கவில்லை. கிளினிக் நாளில் வெளிச்சம், பின்னேரத்தில் நடை, சோற்றில் பாதி, மாமி கையால் மருந்துக் கட்டு. கப்பல் சங்கு கேட்டால் மட்டும் நடை நின்றுவிடும். அது கால் நோவினால் அல்ல என்று ஒழுங்கைக்கே தெரியும், யாரும் கேட்பதில்லை.

புண் மெல்ல மெல்ல மூடியது. விரல் காலோடு தங்கியது. மழைக்காலம் முடிய, டொக்டர் சொல்லித் துறைமுகத்திலும் கயிறு திரும்பக் கைக்கு வந்தது. வேலைக்குப் போகுமுன் சப்பாத்துக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்த்து, விரல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

இப்போது எங்கள் வாங்கைத் திரும்பியும் பாராமல் ஒழுங்கை முழுக்க நடந்துவிடுகிறார். நேற்று மட்டும் கனகரத்தினம் ஐயாவின் படலையில் நின்றார்.

“என்ன பற்றிக், கால் திரும்ப நோகுதோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் நிக்கிறீர்?”

“முந்திக் கால் நோகேக்க நீங்க சொன்ன உங்கட மருமோன்ர கதை பாதியில நிண்டது,” என்று மாமா கதிரையை இழுத்துப் போட்டார்.